புளித்தண்ணீரில் ஊறிய முத்து

பாப்பா,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், ஸ்வெட்டருக்கும் ஊறுகாய் டப்பாவுக்கும் நடுவில் செருகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ ஜப்பானில் இறங்கி, பெட்டியைத் திறந்து, இதைப் படிக்கும்போது நமக்கு நடுவில் ஒரு கடல் இருக்கும். உன்னால் என்னை முறைத்துக்கூடப் பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்பது வருஷமாக இந்த விஷயத்தில் நான் செய்ததெல்லாம் இப்படிப்பட்ட நல்ல ஏற்பாடுகளே. அதனால் கையிலேயே கொடுக்கிறேன். வியாழக்கிழமை உனக்கு விமானம். இன்று திங்கள். முறைப்பதற்கு முழுசாக மூன்று நாள் இருக்கிறது.

நான் பத்தாவது வரை படித்தவன். பாஸ் பண்ணினேனா என்று நீ இதுவரை கேட்டதில்லை, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. பிழை இருந்தால் திருத்திப் படி. கடைசியாக நான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது, கம்பெனி வண்டியை உரசியதற்கு எழுதிக்கொடுத்த விளக்கம். அதில் மாடு குறுக்கே வந்ததாக எழுதினேன். மாடெல்லாம் வரவில்லை, நான்தான் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். என் எழுத்தின் யோக்கியதை அவ்வளவுதான். இதில் மாடு வராது.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது நடந்ததுதான் என்னை உட்கார வைத்தது. உங்கம்மா உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "ஏன்டி, அந்த ஜப்பான் மேடம் அங்கதானே கீறாங்க? போனா ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்" என்றாள். நீ சிரித்தாய். "எதுக்கும்மா? இன்னொரு பிளாஸ்டிக் மணி வாங்கிக்கினு வர்றதுக்கா?" என்றாய். உங்கம்மாவும் சிரித்தாள். நீ அதோடு விடவில்லை. "கம்பெனில புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் இந்தக் கதைய சொல்லிட்டேன்மா. குனிஞ்சு கும்புட்டு குடுத்தாங்கன்னா உடனே மயங்கிடாதீங்கடி, எங்கப்பா மட்டும் கண்டுபுடிக்கலன்னா நான் அதைக் கழுத்துல மாட்டிக்கினு ஊரெல்லாம் சுத்தியிருப்பேன்னு" என்று சொல்லி என் தோளில் தட்டினாய். நானும் சிரித்தேன். ஓரகடத்தில் உன் கம்பெனி முழுக்க நான் கெட்டிக்கார அப்பனாக உலாவிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு நேற்றுதான் தெரியும்.

பாப்பா, அது பிளாஸ்டிக் இல்லை. அது நிஜ முத்து. அதைக் கெடுத்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் அந்த ஜப்பான் சாருக்கு டிரைவராக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். மேடம் என்னை "டிரைவர்-சான்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். முதல் ஆறு மாதம் என் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தார். சார் காலையில் பிளாண்ட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். மேடம் ஸ்ரீபெரும்புதூர் ஹைவே ஓரத்து அப்பார்ட்மெண்டில் பால்கனியில் நின்று கண்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் காரில் போகும்போது முன்னால் போன லாரியின் முதுகைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து அந்த எழுத்துகளை வரைந்தார். இந்தக் கொம்பு எதற்கு, இந்தப் புள்ளி எதற்கு என்று கேட்க ஆரம்பித்ததும் என் சரக்கு தீர்ந்துபோனது. ஒன்பதாவது படிக்கும் என் பெண் சொல்லித்தருவாள் என்று வாய் விட்டேன். அப்படித்தான் நீ சனிக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்தாய். நீ அவருக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்தாய், அவர் உனக்கு ஜப்பான் எழுத்து சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷம், ஒரு பைசா வாங்காமல். இன்று உனக்கு ஏசி அறையில் நாற்காலி போட்டு, ஜப்பான்காரர்கள் பேசுவதைத் தமிழில் சொல்லவைத்து, இப்போது அந்த நாட்டுக்கே அனுப்புகிறார்கள் என்றால், அது அந்தச் சனிக்கிழமைகளில் விளைந்தது. இதை நீயே எப்போதாவது யோசித்திருப்பாய். யோசிக்காமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் வாரம் மேடம் வடக்குப்பட்டுக்கு நம் வீடு தேடி வந்தார். நம்முடைய பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நீல வெல்வெட் பெட்டியை எடுத்தார். ஓரமெல்லாம் தேய்ந்த பழைய பெட்டி. உள்ளே ஒரே ஒரு சரம். நடுவில் பெரிய முத்து, இரண்டு பக்கமும் போகப் போகச் சின்னதாகி, முடியும் இடத்தில் இலை மாதிரி ஒரு வெள்ளிக் கொக்கி. வெள்ளை என்று சொல்ல முடியாது, உள்ளே யாரோ ரோஸ் கலரில் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. உன் கழுத்தில் போட்டுவிட்டு, எழுதிவைத்திருந்த காகிதத்தைப் பார்த்துத் தமிழில் படித்தார்: "இது என் அம்மாவின் முத்து. எனக்கு மகள் இல்லை. இப்போது உன்னுடையது." நீ அழுதாய். உங்கம்மா கண்ணைத் துடைத்தாள். நான் அவள் காதில், "இதுல தங்கம் எங்க கீது?" என்று கேட்டேன். அவள் என் தொடையைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது, சும்மா இருக்காமல், முத்து எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். பாதித் தமிழிலும் பாதி சைகையிலும் சொன்னார். ஒரு சிப்பி ஓட்டிலிருந்து உருண்டையாக ஒரு மணி அறுத்து எடுப்பார்களாம். அதை உயிரோடிருக்கும் வேறொரு சிப்பிக்குள் வைத்து, கூடையில் போட்டுக் கடலில் தொங்கவிடுவார்களாம். சிப்பி அந்த மணியின் மேல் தோல் தோலாகப் போர்த்திக்கொண்டே வருமாம். குளிர்காலத்தில்தான் எடுப்பார்களாம், தண்ணீர் சில்லிட்டால்தான் மினுமினுப்பு நன்றாக வரும் என்று. அவருடைய அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது அவருடைய அப்பா வாங்கிக்கொடுத்த சரம் அது. அந்தக் காலத்தில் இன்னும் அதிக நாள் கடலில் விடுவார்களாம், அதனால் தோல் கெட்டி. ஒரே நிறமாக, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பொறுக்கி ஒரு சரம் சேர்க்கவே ரொம்ப நாள் ஆகுமாம். நான் கேட்டேன், "அப்ப மனுஷன் பண்றதுதானா மேடம்?" அவர் சொன்னார், "மனிதர் வைக்கிறார். சிப்பி செய்கிறது." இத்தனையும் சொன்னாரே, அதில் என் மண்டையில் தங்கியது முதல் இரண்டு வார்த்தைதான். மனிதர் வைக்கிறார். அப்படியென்றால் முழு ஒரிஜினல் இல்லை என்று ஓரத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன அடுத்த வாரம், நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். "அப்பா, அவங்க ஊர்ல இதைக் கல்யாணத்துக்கும் போடுவாங்க, சாவுக்கும் போடுவாங்களாம்பா. சாவுக்கு ஒரே சரம்தான் போடணுமாம், ரெண்டு சரம் போட்டா துக்கம் திரும்பி வருமாம். அவங்கம்மா செத்தப்போ ஆன்ட்டி இதைத்தான் போட்டுக்கினு நின்னாங்களாம்." உனக்கு அது அதிசயமாக இருந்தது. எனக்கோ தீட்டு ஞாபகம் வந்தது. பத்து நாளில் மணிமங்கலத்தில் உன் மாமா கல்யாணம். நீ அந்த நீலத் தாவணிக்கு இந்தச் சரம்தான் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் நாம் வாசலிலேயே துணியைக் கழற்றிப்போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவோம். இதுவோ சாவு வீட்டில் நின்றுவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், நேராக வெல்வெட் பெட்டியில் ஏறிப் படுத்துக்கொண்டு வந்திருக்கிறது. உங்கம்மாவிடம் சொன்னேன். "யோவ், முத்துக்கு இன்னாய்யா தீட்டு? சும்மா கெட" என்றாள். ஆகவே இதில் அவளுக்குப் பங்கில்லை. பங்கு முழுக்க என்னுடையது.

எனக்கு லீவு நாள். நீ பள்ளிக்கூடத்தில், உங்கம்மா மகளிர் குழுக் கூட்டத்தில். எவர்சில்வர் குண்டானில் சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு பெரிய உருண்டை புளி கரைத்தேன். நம் வீட்டில் குத்துவிளக்கு கறுத்தாலும் புளி, தாம்பாளம் கறுத்தாலும் புளி. அதோடு ஒரு பிடி மஞ்சள்தூள். வெளிநாட்டுத் தீட்டாயிற்றே, லேசில் போகாது என்று நாலு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டேன். சரத்தை உள்ளே போட்டதும் முத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பார், எப்படிக் கழன்று வருகிறது என்று வேடிக்கை பார்த்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் யாரோ எலெக்‌ஷன் பேசினார்கள், நானும் பேசினேன். திரும்பி வந்தபோது மூன்று மணி. எடுத்து, பழைய பிரஷ்ஷில் பல்பொடி போட்டுத் தேய்த்தேன். நூல் மஞ்சள் திரியாகிவிட்டது. முத்து பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருந்த அந்த விளக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். காய்ந்தால் பளபளப்பு வந்துவிடும் என்று மாடியில் வெயிலில் போட்டேன். என் அறிவு அந்த அளவுக்கு வேலை செய்தது.

நீ நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நேராக மாடிக்கு வந்தாய். நடந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை.

"அப்பா, இன்னாப்பா ஆச்சு இதுக்கு?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. தண்ணில ஒரு அலசு அலசுனேன்."

"தண்ணிலயா?"

"வெறும் தண்ணிதான். சாயம் போயிடுச்சு. ஒரிஜினலா இருந்தா போவுமா? பிளாஸ்டிக்கு. நம்மள நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டாங்க அந்தம்மா."

குண்டானை முன்னாடியே கழுவிக் கவிழ்த்து, எலுமிச்சம்பழத் தோலைப் பக்கத்து மனையில் எறிந்துவிட்டிருந்தேன். மற்ற வேலைகளில் வராத சுறுசுறுப்பு இதில் வந்தது. நீ அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பலதடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அவங்க தெரிஞ்சேதான் குடுத்தாங்களாப்பா?" தப்பிக்க அங்கேயும் ஒரு வழி இருந்தது. அவங்களுக்கும் தெரிந்திருக்காது, அவங்களையும் கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்று சொல்லியிருக்கலாம். என் தப்பும் மறைந்திருக்கும், அவர் மேல் உனக்கிருந்த பிரியமும் தப்பித்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் கோபம் வேறு, யார் மேல் என்று கேட்காதே. "தெரியாம இருக்குமா?" என்றேன். பாப்பா, என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே அசிங்கமான வார்த்தை அதுதான்.

நீ சரத்தைக் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பையில் போட்டாய். நான் பின்னாலேயே போய் எடுத்துவந்தேன். இரண்டு வாரம் கழித்து, சென்னையில் ஒரு முத்துக் கடைக்குக் கம்பெனியின் ஜப்பான் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். முத்துக் கோர்க்கும் ஒரு அக்கா வாங்கி, முன்பல்லில் லேசாகத் தேய்த்துப் பார்த்தார்.

"நெறநெறங்குது. நெஜ முத்துதான். ஜப்பான் சரக்கு, பழசு. ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல பட்டு நூல்ல முடிச்சு பாரு, அறுந்தாலும் ஒண்ணுதான் விழும். எதுலய்யா போட்டே இதை?"

"தண்ணிலக்கா."

"என்கிட்டயே கதை உடற பாத்தியா? மஞ்ச வாசன அடிக்குது."

"புளியும் கொஞ்சம்..."

"அடப்பாவி. எலுமிச்சம்பழம்?"

"நாலு."

கடையே சிரித்தது. என்கூட வந்த விருந்தாளிகள் எதுவும் புரியாமல் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "முத்து கல்லு இல்லய்யா. சிப்பி உடம்புலேந்து வர்றது. புளிப்பு பட்டா கரைஞ்சிடும். குமிழி வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன். "அதான் முத்து. அப்படியேதான் போச்சு" என்றார். தோல் கெட்டியாக இருந்ததால் ஏதோ இந்த மட்டுக்கும் மிச்சம் இருக்கிறது, புதுச்சரக்காக இருந்தால் உள்ளே வைத்த மணியே வெளியே தெரிந்திருக்கும் என்றார். போன மினுமினுப்பை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னார்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். உன் பரீட்சை நேரம். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு ரிசல்ட் வரட்டும், காலேஜ் சேரட்டும், வேலை கிடைக்கட்டும். தள்ளிப்போடுகிறவனுக்கு நல்ல காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதற்குள் மேடத்திடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. நீ படித்துவிட்டுக் கிழித்தாய். பதில் போடவில்லை. மூன்றாவதாக ஒரு பார்சல் வந்தது. அது உன் கைக்கு வரவே இல்லை. வீட்டில் நான் தனியாக இருந்தபோது வந்தது, பிரித்தேன், மறைத்தேன். லைசென்ஸ், இன்சூரன்ஸ் காகிதம் வைக்கும் பையில் ஒன்பது வருஷமாக அது என்னோடு வண்டியில் சுற்றுகிறது.

முத்து கெட்டதை விட எனக்கு உறுத்துவது வேறு. யார் எதைக் கொடுத்தாலும் நீ இப்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய். காலேஜ் சிநேகிதி வாட்ச் கொடுத்தபோது பில் இருக்கிறதா என்று கேட்டாய். போன வருஷம் உன் கம்பெனியில் வேலை செய்யும் அந்தத் திருநெல்வேலிப் பையன், அவங்கம்மா உனக்கென்று நெய்யச் சொன்ன புடவையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "யாரும் சும்மா எதையும் குடுக்கமாட்டாங்கம்மா" என்று உங்கம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பினாய். அவனைப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு, உன் விருப்பம். ஆனால் அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை. நான் மாடியில் நின்று சொன்னதன் மிச்சம் அது. சரம் ஒரு மத்தியானம்தான் ஊறியது. நீ பதினாறு வயசிலிருந்து ஊறிக்கொண்டிருக்கிறாய்.

ஊருக்குப் போகும் பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எந்த முகத்தோடு சொல்வது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், எனக்குச் சொந்தச் செலவில் தெரிந்தது இது ஒன்றுதான். அங்கே வேலையில் ஒரு சாமானைக் கெடுத்துவிட்டால், கெட்ட நிமிஷமே வாயைத் திற. அந்த நிமிஷத்தில் திட்டு மட்டும்தான் விழும். தாண்டிவிட்டால், கெட்டது எதனால் என்று ஒரு காரணம் தேவைப்படும், அந்தக் காரணத்துக்கு ஒரு ஆள் தேவைப்படுவான். ஆள் யார் கிடைப்பான் தெரியுமா? அங்கே இல்லாதவன், பதில் சொல்ல முடியாதவன், நமக்கு நல்லது செய்துவிட்டுப் போனவன்.

இன்று சாயங்காலம் உங்கம்மாவிடமும் சொல்லிவிடுவேன். அவள் என்னை என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும், தயவுசெய்து குறுக்கே வராதே. இப்போது நான் வண்டி ஓட்டும் ஜப்பான் இஞ்சினியரிடம் விசாரித்துவிட்டேன். சார் ரிட்டயர் ஆகிவிட்டாராம். மேடம் அதே வீட்டில்தான் இருக்கிறார், முழங்கால் வலியாம், வெளியே அதிகம் போவதில்லையாம். நீ இருக்கப்போகும் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்.

இந்தக் கடிதத்தோடு சரமும் அந்தப் பார்சலும் இருக்கிறது. பார்சலில் ஒரு கண்டு வெள்ளைப் பட்டு நூல், முத்து துடைக்க ஒரு மெத்தென்ற துணி, ஒரு கடிதம். கடிதம் தமிழில் இருக்கிறது. நீ பதில் போடாத பிறகும் அவர் தனியாக உட்கார்ந்து தமிழ் எழுதிப் பழகியிருக்கிறார். கொம்பு சில இடத்தில் மாறியிருக்கிறது, ஆனால் நன்றாகப் புரிகிறது. நீ படிக்கும் முன் நான் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மனப்பாடம். "அன்புள்ள பாப்பா. சில வருடத்திற்கு ஒரு முறை நூல் மாற்ற வேண்டும். போட்ட பிறகு துணியால் துடைக்க வேண்டும். நீ எழுதவில்லை. நான் ஏதாவது தவறாகச் சொன்னேனா? என் தமிழ் சரி இல்லை. அதனால் தவறாகச் சொல்லியிருப்பேன். மன்னித்துக்கொள்."

படித்த அன்று வேலைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகும் மறைத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்.

நீ என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று இப்போது யோசிக்காதே, அதற்கு அவசரமில்லை, நான் எங்கும் போகமாட்டேன். அவர் வீட்டுக்குப் போ. சரத்தை இப்படியே எடுத்துக்கொண்டு போ, பாலிஷ் போட்டு அழகு பண்ணாதே. என்ன ஆச்சு என்று கேட்பார். நான் செய்ததையும் நான் சொன்னதையும் சேர்த்துச் சொல். எங்கப்பா அதிகம் படிக்காதவர், தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காகப் பேசாதே. புளியில் போட்டது தெரியாமல் செய்தது. மற்றதெல்லாம் தெரிந்து செய்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வாசலில் செருப்பைக் கழற்றியதுமே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடு. இல்லை ஆன்ட்டி, நீங்கள் எதையும் தவறாகச் சொல்லவில்லை என்று சொல். உனக்கு ஜப்பான் பாஷை எவ்வளவு நன்றாக வந்தாலும் அதைத் தமிழில் சொல், பாப்பா. அவர் கேட்டது தமிழில்.

அப்பா